நால்வர் குறியும் ஹாரியட் மலைச் சரிவும்

துப்பறியும் புதினங்களுள் நம் தீவுகளை உலகறியப் பேசிய நூல், சர் ஆர்தர் கானன் டாயில் இயற்றிய 'தி சைன் ஆஃப் ஃபோர்' ஆகும். 1890 பிப்ரவரியில் லிப்பின்காட் மாத இதழில் வெளிவந்த இதனை 'நால்வர் குறி' எனத் தமிழில் வழங்கலாம். பாம்பூஃப்ளாட்டில் வாழும் நமக்கு இந்நூலை ஆராய்வதில் தனியுரிமை உண்டு. குற்றவாளி ஜோனதன் ஸ்மால் கைதியாகக் குடிசை பெற்று வாழ்ந்த ஹோப் டவுன் நம் ஊரை அடுத்த கரையே. 2021இல் மணிப்பூர் மலை எனப் பெயர் மாற்றம் பெற்ற ஹாரியட் மலையின் சரிவே. 1872 பிப்ரவரி 8இல் வைஸ்ராய் மேயோ பிரபு ஷேர் அலியின் கத்திக்கு இரையானதும் அத்துறையில்தான். அக்கொலையால் இலண்டன் வரை அறிமுகமான பெயரையே ஆசிரியர் எடுத்தாண்டார் எனக் கருத இடமுண்டு.

இந்நூலில் ஒற்றர் எவரும் இல்லை. ஆயினும், ஓர் ஊரில் நிகழ்ந்த கொலையின் வேரைக் கடல்கடந்து தேடும் போக்கு, பின்னாளில் பெருகிய பன்னாட்டு உளவுக் கதைகளுக்கு நெருங்கிய உறவுடையது. ஆக்ரா கோட்டையில் 1857 கிளர்ச்சியின்போது நிகழ்ந்த கொலை, அந்தமானில் படை அதிகாரிகளுடன் பேசிய பேரம், தேம்ஸ் ஆற்றில் நீராவிப் படகில் துரத்தல் ஆகிய மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டு அவிழ்க்கும் திறம் பாராட்டற்குரியது. (சீக்கியர் என்று சொல்லிவிட்டு அப்துல்லா கான், தோஸ்த் அக்பர் எனப் பெயரிட்டதைப் பெரிதுபடுத்த வேண்டுவதில்லை.)

நாம் பெரிதுபடுத்த வேண்டுவது வேறொன்று. சான்று கிடைக்குமுன் முடிவு கட்டலாகாது என்பது ஷெர்லாக் ஹோம்ஸின் கொள்கை. அத்தகையவர், சிறிய காலடித் தடம், கல் கட்டிய கோல், நச்சு முள் ஆகியவற்றைக் கண்டதும் அலமாரியிலிருந்து புவியியல் களஞ்சியம் ஒன்றை எடுத்துப் படிக்கிறார். அந்தமானியர் கோர உருவினர், மனிதரைத் தின்போர் என்று அதில் காண்பதை ஒரு கேள்வியுமின்றி ஏற்றுக்கொள்கிறார். சுருட்டுச் சாம்பலையும் ஆராய்ந்து பார்ப்பவர் இந்த ஏட்டை மட்டும் ஆராயவில்லை! உண்மையில் அந்தமானியரின் படைக்கலம் வில்லும் அம்புமே. ஊதுகுழலில் நச்சு முள் எய்யும் வழக்கம் அவர்களிடம் இல்லை. நரமாமிசப் பழி ஆதாரமற்றது என்று, இத்தீவுகளில் பணியாற்றிய ஈ. எச். மான் 1880களின் முற்பகுதியிலேயே எழுதியிருந்தார். மெய்யறிய வழி இருந்தும் ஆசிரியர் அதனை நாடவில்லை.

இதனால் இழப்புற்றவன் டோங்கா. பெயரே பசிபிக் தீவுக்கூட்டம் ஒன்றின் பெயர்! காட்டில் நோயுற்றுச் சாகக் கிடந்தவனை ஸ்மால் பேணிப் பிழைக்க வைக்கிறான். அவனும் தன் ஓடத்தில் ஏற்றி ஸ்மாலைத் தப்புவிக்கிறான். அவனைப்போல் உற்ற துணை எவருக்கும் வாய்த்ததில்லை என ஸ்மால் சொல்லுமிடம் நூலின் மிக உயர்ந்த பகுதி என்போம். ஆனால் துப்பாக்கிக் குண்டுபட்டு ஆற்றுச் சேற்றில் மறையும் அவனுக்காக ஹோம்ஸோ வாட்சனோ வருந்துவதில்லை. வாசகரும் வருந்தாதவாறு முன்னரே அரக்கனாகத் தீட்டிவிட்டார் ஆசிரியர். அக்கதை உலகெங்கும் மறுபதிப்பாகிக்கொண்டிருக்க, நோயும் குடியேற்றமும் தாக்கிய பெரிய அந்தமானியர் 1901இல் 625 பேராகவும் 1961இல் 19 பேராகவும் குறைந்தனர்.

கானன் டாயில் எழுதாத ஒற்றர் கதை பின்னர் இங்கேயே நிகழ்ந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் தீவுகளைக் கைப்பற்றினர். 1943 ஜனவரியில் டெனிஸ் மக்கார்த்தி தலைமையில் பிரிட்டிஷ் உளவுக் குழுவொன்று நீர்மூழ்கிக் கப்பலில் வந்து இரகசியமாகக் கரையிறங்கியது. உளவு சொல்பவர் உள்ளூரார் என ஐயுற்ற ஜப்பானியர், சித்திரவதையால் வாக்குமூலம் பெற்றனர். முடிவு முன்னரே கட்டப்பட்டிருந்தது. சான்று பின்னர் வருவிக்கப்பட்டது. மருத்துவர் திவான் சிங் 1944 ஜனவரியில் செல்லுலர் சிறையில் வதையுண்டு மாண்டார். அதே மாதம் 30ஆம் நாள் ஹம்ப்ரிகஞ்சில் 44 பேர் ஒற்றர் எனச் சுடப்பட்டனர்.

இப்பொருளைத் தமிழில் புதினமாக்க முனையும் எழுத்தாளர், முடிச்சுப் போடும் கலையைக் கானன் டாயிலிடம் தாராளமாகக் கற்கலாம். களஞ்சியத்தை மட்டும் மூடி வைத்துவிட்டு, ஹம்ப்ரிகஞ்ச் நினைவிடத்தில் நின்று முதல் அத்தியாயத்தைத் தொடங்கட்டும்.