கொச்சி அரசவைப் பாடலும் மேல்பத்தூராரின் விண்ணப்பமும்

மட்டாஞ்சேரியில் போர்த்துக்கீசியர் 1555இல் கட்டிக் கொச்சி மன்னருக்கு வழங்கிய அரண்மனை, 1663இல் டச்சுக்காரரால் செப்பனிடப்பெற்றமையின் டச்சு அரண்மனை என்றே வழங்கப்பெறுகிறது. வடமொழிப் புலவர் ‘கோஸ்ரீ’ எனக் குறித்த இக்கொச்சி அரசைப் பாடியோருள் தலையாயவர் மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி. ‘வீரகேரள பிரசஸ்தி’, ‘கோஸ்ரீநகர வர்ணனம்’ ஆகியன அவர் கொச்சிக்கு அளித்தவை. கொச்சியின் நெடுநாட் பகைவரான கோழிக்கோட்டுச் சாமூதிரி மரபின் மானவேதரையும் அவர் பாடியுள்ளார். ‘பிரக்கிரியா சர்வஸ்வம்’ என்னும் இலக்கண நூலை அம்பலப்புழைத் தேவநாராயணன் வேண்ட இயற்றினார். பகைவர் இருவரையும் பாடிய புலவரின் பற்று யாரிடத்தது என்னும் வினா இங்கு இயல்பாகவே எழும்.

இவ்வினா சேரநாட்டிற்குப் புதிதன்று. பாரியின் உயிர்த்தோழரான கபிலர், மூவேந்தரால் அவன் மாய்ந்தபின் செல்வக்கடுங்கோ வாழியாதனிடம் சென்றார். பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்து முதற்பாட்டிலேயே, பாரி இறந்தமையால் இரக்க வரவில்லை, உன் நற்புகழ் ஈர்க்க வந்தேன் என்னும் கருத்துப்படக் கூறிவிடுகிறார். புதிய புரவலன் முன்னிலையில் பழைய புரவலனைப் பெயர் சுட்டிப் போற்றும் துணிவு அரசவைப் பாடலில் அரிது. நூறாயிரம் காணமும் நன்றா என்னும் குன்றேறிக் கண்ட நாடும் பெற்றார் என்பது பதிகம் தரும் செய்தியேயன்றிக் கபிலர் வாக்கன்று.

ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்சின் அவையில் விளங்கிய வில்லியம் டன்பாரோ இதற்கு மாறானவர். தமக்குரிய திருச்சபைப் பதவி கிட்டவில்லை என்னும் முறையீட்டையே பாடலாக்கினார். 1500இல் ஆண்டுக்குப் பத்துப் பவுண்டாயிருந்த அவர்தம் உதவித்தொகை 1510இல் எண்பதாயிற்று.

மேல்பத்தூராரின் நிலை இவ்விரண்டிலும் அடங்காது. குலப்பெருமை, வீரம், கொடை ஆகியவற்றைத் தெய்வ உவமைகளால் உயர்த்துவது பிரசஸ்தியின் மரபு. அங்குப் பாடுவோனின் வாழ்வு நுழைய இடமில்லை. பாட்டுடைத் தலைவன் பெயர் மாறலாம். புலவன் விளக்கம் கூறவேண்டுவதில்லை. எனவே அவரைப் பற்று மாறியவர் எனல் அவ்விலக்கிய வகையின் இயல்பை உணராத கூற்றாகும். எனினும் கபிலரின் பாட்டில் கேட்கும் தன்குரல் பிரசஸ்தியில் கேட்பதில்லை என்னும் குறையை மறைத்தற்கில்லை.

அக்குரல் வேறிடத்தில் ஒலிக்கிறது. வாதநோயுற்ற அவர் 1587இல் குருவாயூரில் நிறைவு செய்ததாகக் கூறப்பெறும் நாராயணீயம் நூறு தசகங்களால் ஆனது. பாகவதக் கதையைச் சுருக்கிச் சொல்லிவரும் அவர், தசகத்தின் முடிவு நெருங்கியதும் கதையை விடுத்து, தம் நோயைத் தீர்த்தருளுமாறு குருவாயூரப்பனை வேண்டத் தொடங்கிவிடுகிறார்.