எலிசபெத்தின் தோட்டமும் வேலிக்கு அப்பாலும்

தோட்டம் என்றவுடன் நம்மவர் நினைவில் எழுவது பூச்செடியன்று. ரப்பர் மரமும், பெரட்டுக் களமும், லயத்து வீடுமேயாம். ஆகவே, 'எலிசபெத்தும் அவளது ஜெர்மன் தோட்டமும்' என்னும் ஆங்கில நூலைக் கையில் எடுத்தபோது, சீமாட்டியொருத்தியின் மலர்க்கதையால் தோட்டத் தமிழனுக்கு ஆவதென்ன என்னும் ஐயம் நமக்கு இருந்தது. படித்து முடித்தபின் அவ்வையம் நீங்கிற்று. காரணம் கூறுவோம்.

இந்நூல் 1898-ஆம் ஆண்டில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. எழுதியவர் எலிசபெத் வான் ஆர்னிம்; 1866-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பிறந்து, பிரஷ்யப் பிரபு ஒருவரை மணந்தவர். பிரபுவின் பண்ணை பொமரேனியாவில், இன்று போலந்து நாட்டைச் சேர்ந்த பகுதியில் இருந்தது. நாட்குறிப்பாக அமைந்த இந்நூலில் வசந்தகாலத்து லைலாக் மலர்களும், ஏப்ரல், மே, ஜூன் எனப் பிறந்த மாதத்தின் பெயராலேயே அழைக்கப்படும் மூன்று பெண்மக்களும், 'சினமூர்த்தி' என்று கேலியாகக் குறிக்கப்படும் கணவரும் உலவுகின்றனர்.

தோட்டக்கலை அறியாத அம்மையார், புத்தகமொன்றின் சொல்லை நம்பி, ஐப்போமியா என்னும் பூங்கொடியின் விதையைப் பத்து இராத்தல் தருவித்து எங்கும் விதைப்பித்து, சுவர்க்கம் முளைக்குமென்று காத்திருந்து ஏமாறுகிறார். தம் பேதைமையைத் தாமே நகைக்கும் இவ்வுண்மையே அவர் நடைக்கு அழகு. அதனினும் சிறந்தது மற்றொரு காட்சி. சீமாட்டி மண்வெட்டி பிடித்தல் தகாது என்பது அங்குள்ளோர் கொள்கை. ஏவலாளர் உண்ணச் சென்ற ஏப்ரல் மாதத்து ஞாயிறு ஒன்றில், அம்மையார் ஒருவரும் அறியாமல் சிறிது நிலத்தைக் கொத்தி, விதை தூவி, திருடியவர்போல் வீட்டிற்குள் ஓடுகிறார். பெரும்பண்ணைக்கு உடையவள், ஒரு முழ மண்ணைத் தொட உரிமையற்றவள்! பெண்ணடிமையைப் பற்றிய நீண்ட சொற்பொழிவு இதனினும் தெளிவாக எதைக் கூறிவிடும்?

நிற்க. அம்மையாரின் பார்வை வேலிக்கு அப்பாலும் செல்கிறது. ருஷ்யரும் போலந்தியருமான கூலிகள் பண்ணைச் செலவில் இரயிலேற்றிக் கொணரப்படுகின்றனர். மேற்பார்வையாளனின் பையில் குண்டு நிரப்பிய துப்பாக்கி. காலடியில் கொடிய நாய். கூலி நாளொன்றுக்கு ஒன்றரை மார்க்கு முதல் இரண்டு மார்க்கு வரை, அத்துடன் உருளைக்கிழங்கு. பெண்ணுக்கு அதனிலும் குறைவு. வேலை குறைவென்பதாலன்று, பெண் என்பதால். வசந்தந்தோறும் ஐம்பது பேர் தப்பியோடி, சற்றே கூடுதலாகக் கொடுக்கும் குடியானவரிடம் சேர்ந்துவிடுகின்றனர். 1938-இல் இந்திய அரசாங்கம் தடைசெய்யும் வரை கங்காணிமாரால் ஆள்சேர்க்கப்பட்டுக் கப்பலேறிய நம் முன்னோரின் வரலாறன்றோ இது!

காலையில் வயலில் நின்றவள் இடையில் பிள்ளை பெற்றுவிட்டுப் பிற்பகலில் மீண்டும் வயலில் நிற்கிறாள். குழந்தைகளையெல்லாம் ஒரு கிழவி காக்கிறாள். அம்மையார் மனம் பதறுகிறார். சினமூர்த்தியோ இயற்கையின் விதியென்று புன்னகை புரிகிறார். பதறிய அம்மையாரும், அக்கூலிகள் சவர்க்காரத்தைக் கூட விரும்பார் என்று எழுதி மனத்தைத் தேற்றிக்கொண்டு, தம் ரோஜாக்களிடமே திரும்பிவிடுகிறார். நூலின் பெருங்குறை இதுவே. கண்டதை மறைக்காமல் எழுதிய கை, கண்டதன் பொருளை எழுதத் துணியவில்லை.

ஆயினும், அவரைப் பழிக்க நமக்குத் தகுதி உண்டா? கிராணி நாற்காலியில் அமர்ந்து செக்ரோல் எழுதும் நாமும், பேறுகாலத்தால் வராத பெண்ணின் பெயருக்கு நேரே ஒரு கோட்டை இழுத்துவிட்டு, மாலையில் நம் வீட்டுப் பூச்செடிக்கு நீர் வார்க்கச் சென்றவர்களே. அக்கோட்டிற்குப் பின்னால் ஒரு தாய் இருந்தாள் என்பதை நமக்கு உணர்த்தியது ஒரு சீமாட்டியின் நூல் என்றெண்ண வெட்கமாயிருக்கிறது.

ஆங்கிலம் கற்ற இளைஞர் இந்நூலைப் படித்து, தத்தம் தாய்மாருக்கும் தமக்கையருக்கும் தமிழில் எடுத்துரைப்பாராக. மலரின் அழகை அம்மையாரிடம் கற்போம். வேலிக்கு அப்பால் நிற்பவளின் கதையை அவளே எழுதும் நாளுக்கு வழிசெய்வோம்.