பாயோடு ஒட்டவைத்தல்: ஒரு வழக்குமொழியின் பொருள்

முதுமொழிக்கு இலக்கணம் கூறவந்த தொல்காப்பியர், நுண்மை, சுருக்கம் முதலிய பண்புகளோடு அமையாது, கருதிய பொருளை முடித்தற்குக் காரணமாக வருதலையும் அதன் இயல்பாகக் கொண்டார். காரணமாக வருவதெனின், அது தோன்றுதற்கு ஓர் உரையாடல் வேண்டும். சொல்வோரும் கேட்போரும் வேண்டும். பேர்சிவல் பாதிரியார் 1843இல் யாழ்ப்பாணத்தில் வெளியிட்ட திரட்டு முதலாக நமக்குக் கிடைத்துள்ள தொகுப்புகள் பெரும்பாலும் மொழியைத் தந்தனவேயன்றி, அது வழங்கிய களத்தைத் தந்தில. இக்குறையால் நேரும் பிழையை ஓர் எடுத்துக்காட்டால் ஈண்டு நோக்குவோம்.

'மட்டக்களப்புக்குப் போனவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள்' என்பது ஈழத்துத் தமிழர் பலரும் அறிந்த வழக்கு. உத்தியோகத்துக்கோ வாணிகத்துக்கோ வடக்கிலிருந்து புறப்படும் ஆடவனுக்கு இது எச்சரிக்கையாகக் கூறப்பட்டது. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பிறந்தோர்க்கோ, இது ஏளனமாகவே ஒலித்தது.

இதற்கு இருவகைப் பொருள் கூறுவர். இப்பகுதிப் பெண்டிர் மந்திரத்தால் ஆடவரை மயக்குவர் என்பது ஒன்று. வந்தவர்க்குப் பாய் விரித்து, வட்டாவில் வெற்றிலை வைத்து உபசரிக்கும் பண்பையே இது குறிக்கும் என்பது மற்றொன்று. முன்னது பழி, பின்னது அப்பழிக்கு விடையாக எழுந்த புகழ். 'வந்தாரை வாழவைக்கும் மட்டக்களப்பு' என்னும் தொடரையும் பின்னவர் துணைக்கு அழைப்பர். இரண்டும் ஒரு வினாவை எழுப்பாது விடுகின்றன என்பதே நமது கருத்து. அப்பாய் விரிக்கப்பட்ட மனை யாருடையது?

மட்டக்களப்புச் சமூகம் தாய்வழிக் குடிகளால் அமைந்தது. பிள்ளை தாயின் குடியைச் சேரும். கோயில்களில் வண்ணக்கர் முதலிய உரிமைகளும் குடிமுறை பற்றியே அமைந்து வந்துள்ளன. மனையும் வயலும் சீதனமாக மகளுக்குச் செல்ல, மணந்தவன் அவள் மனையில் வந்து வாழ்வான். இவ்வழக்கத்தில் தமிழரும் முஸ்லிம்களும் பெரிதும் ஒத்தவர். எனவே வந்தவனை நிறுத்தியது மந்திரமுமன்று, உபசரணை மட்டுமுமன்று. பெண்ணின் நிலமும் அவள் சுற்றமுமே அவனை நிறுத்தின. வடக்கேயிருந்த தாய்க்கு மகன் திரும்பாமை மட்டுமே தெரிந்தது. அதன் காரணம் தெரியவில்லை. காரணம் தெரியாத இடத்தில் மந்திரம் புகுந்தது எனலாம்.

யாழ்ப்பாணத்திலும் சீதன வீடு உண்டே என ஒருவர் தடை கூறலாம். உண்மையே. ஆயின் அங்கு ஊருக்குள் மணந்தவன் தன் சுற்றத்தார் நடுவிலேயே இருப்பான். இங்கு வந்தவனோ தன் சுற்றம் தொலைவிலிருக்க, மனைவியின் குடியார் நடுவில் வாழ்கிறான். அவன் பிள்ளைகளும் அக்குடியினரே ஆவர்.

இத்தகைய நிலை நமக்கு மட்டும் உரியதன்று. 'மருமகன் அத்திமரம், உண்டு தீராதது' என்னும் பொருளுடைய பழமொழி சிம்பாப்வேயின் சோனா மக்களிடையே உண்டு. அயலார் இதனைப் பேராசை என்றே கொள்வர். அங்கே மணமகன் பெண்வீட்டாருக்கு 'ரோரா' என்னும் மணக்கொடையை அளிப்பவன்; அக்கடப்பாடு திருமண நாளோடு முடிவதில்லை. இதனை அறிந்தபின்னரே அப்பழமொழியின் நகையும் நியாயமும் விளங்கும். மணமுறையை அறியாது மருமகனைப் பற்றிய மொழியை அறிதல் அங்கும் இயலாது.

நமது வழக்குக்குப் புகழுரை கூறி அதனைத் தூய்மைப்படுத்த முயல்வோரின் நல்லெண்ணத்தை நாம் மறுக்கவில்லை. எனினும் பெண்ணை மாயக்காரி என்ற பழியிலிருந்து விடுவித்து, விருந்தோம்புபவள் என்ற அளவில் நிறுத்திவிடுதல் போதாது. இரண்டு உரையிலும் அவள் உடைமையாளர் என்பது மறைந்துபோகின்றது. பழமொழி தொகுக்கப் புகுவோர், அம்மொழியை யார், யாரிடம், எப்போது கூறினர் என்பதையும் உடன் எழுதுதல் வேண்டும். இதே மொழி மகனை வழியனுப்பும் தாயின் வாயில் அச்சம். நண்பர் வாயில் கேலி. களப்போரத்து மனையில் பல்லாண்டு வாழ்ந்து முதிர்ந்த மருமகன் தானே கூறுங்கால், அது நன்றியாகவும் இருத்தல் கூடும்.