வேங்கை நிழலிலிருந்து கடற்கரைக்கு

வஞ்சிக் காண்டத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கொரு சங்கடம். மதுரை எரிந்து முடிந்ததும் மாணவிகளுக்கு ஆர்வம் வடிந்துவிடுகிறது. கண்ணகி வழக்குரைத்தாயிற்று, பாண்டியன் விழுந்தாயிற்று. அப்புறம் எதற்கு ஒரு சேர அரசனின் படையெடுப்பு? நானும் பல வருடம் வேகமாகத்தான் கடந்திருக்கிறேன். இந்த ஆண்டு ஒருத்தி கடக்க விடவில்லை. "ஏம்மா, ஒரு கல்லு எடுக்க இமயமலை வரைக்கும் போய்ச் சண்டை போடணுமா? பக்கத்துல கல்லே இல்லியா?"

வள்ளூர்ப் பெண். வீட்டு வாசலில் நின்றால் அனல்மின் நிலையப் புகைபோக்கி தெரியும். அந்த வகுப்பில் பலருக்கு அப்பாவோ அண்ணனோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. சிலர் வீட்டுக்குள் தெலுங்குதான் பேசுவார்கள்.

கல் இருந்தது. காட்சிக் காதையே சொல்கிறது. பொதியிலில் கல்லெடுத்துக் காவிரியில் நீராட்டலாம், இமயத்தில் எடுத்துக் கங்கையில் நீராட்டலாம் என இரண்டு வழிகள் அவையில் பேசப்படுகின்றன. பக்கத்து மலையில் கல்லெடுப்பது தன் குல வீரத்துக்கு அழகல்ல என்று செங்குட்டுவன் ஒதுக்குகிறான். பிறகு போர், கனக விசயர் தலையில் கல். புகாரில் பிறந்து மதுரையில் கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் துக்கம் சேரனின் வெற்றிச் செய்தியாகிறது. இடையில் அரசி இளங்கோ வேண்மாளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கப்படுகிறது: கணவனோடு இறந்த பாண்டிமாதேவி, நம் நாட்டுக்கு வந்த இவள், இருவரில் வியக்கத்தக்கவள் யார்? பெண்ணின் கருத்தை அவை நாடுவது இரண்டு கற்புகளை எடைபோட மட்டும்தான்! வாழ்த்துக் காதைக்கு வந்தால் தெய்வமான கண்ணகியே தோன்றி, பாண்டியன்மேல் குற்றமில்லை, நான் அவன் மகள் என்கிறாள். எரித்தவள் வாயாலேயே கோபம் துடைக்கப்படுகிறது. வஞ்சிக் காண்டம் பின்னால் சேர்ந்தது என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அது முக்கியமில்லை. ஒரு பெண்ணிலிருந்து ஓர் அரசு தன் சின்னத்தைச் செதுக்கிக்கொள்வது எப்படி என்பதை அந்தக் காண்டம் படிப்படியாகக் காட்டிவிடுகிறது.

நவீன காலமும் அந்தப் படிகளில்தான் ஏறியது. 1946இல் தமிழரசுக் கழகம் கண்ட ம.பொ.சி., மூன்று நாடுகளையும் கோத்த சிலம்பைத் தமிழரின் தேசியக் காப்பியமாக முன்வைத்தார். வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தியவரும் அவரே; 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. இன்று அது எங்கள் திருவள்ளூர் மாவட்டம். அந்தப் போராட்டத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. எல்லையோரத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஆனால் 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் எழுந்த கண்ணகியின் கையில் சிலம்புதான் இருக்கிறது. அது அவள் நீதி கேட்கும் கணம். முலையைத் திருகி எறிவதற்கு முந்தைய கணம். அதோடு நிறுத்திக்கொண்டார்கள். 2001இல் சிலை அகற்றப்பட்டு 2006இல் திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில் தமிழ்மானம் குறித்து எவ்வளவோ பேசினோம். அவள் எதற்காகக் கோபப்பட்டாள் என்பதை அந்த அளவுக்குப் பேசினோமா?

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தருகே பூடிக்காவின் வெண்கலச் சிலை தேரில் நிற்கிறது, கூடவே இரு மகள்கள். கணவன் இறந்தபின் ரோமானியர்கள் அவளைச் சாட்டையால் அடித்தார்கள், மகள்களை வல்லுறவு செய்தார்கள். கி.பி. 60-61இல் அவள் திரட்டிய படை எரித்த ஊர்களில் லண்டனும் ஒன்று. ஒரு பேரரசுக்கு எதிராக எழுந்தவளை இன்னொரு பேரரசு 1902இல் தன் நாடாளுமன்றத்தின் எதிரே நிறுத்தி, பீடத்தில் தன் ஆட்சிப் பரப்பின் பெருமையைப் பொறித்துவைத்தது. அன்று அந்த நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு வாக்கில்லை. ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை வர 1928 ஆயிற்று. அவள் மகள்களுக்கு நடந்ததைச் சொல்லாமலே பிரிட்டன் அவளைத் தன் தாயாக்கிக்கொள்ள முடிந்தது.

வஞ்சிக் காண்டம் அரசனோடு தொடங்கவில்லை என்பதை நானே மறந்திருந்தேன். அதன் முதல் காதை குன்றக் குரவை. வேங்கை மர நிழலில் வந்து நின்றவளைப் பார்த்து மலைக்குறவர்கள், எங்கள் நெஞ்சு நடுங்கும்படி முலையிழந்து நிற்கிறீரே, நீர் யார் என்று கேட்கிறார்கள். அவளிடமே கேட்கிறார்கள். அவளும் பதில் சொல்கிறாள். காயத்தைப் பார்த்துப் பேசியவர்கள் அவர்கள்தாம். அவள் வானேறியதும் அங்கேயே அவளைத் தங்கள் தெய்வமாக்கிப் பறை கொட்டிக் குரவை ஆடினார்கள். கல்லும் இல்லை, கல் சுமக்கத் தோற்றவர்களும் இல்லை. செய்தி அரண்மனைக்குப் போன பிறகு வழிபாடு அரசனுடையதாயிற்று.

எங்கள் பாடத்திட்டத்தில் குன்றக் குரவை இல்லை, நகலெடுத்துக் கொடுத்தேன். உள்தேர்வில் 'கண்ணகியின் கற்புத்திறம்' என்ற வழக்கமான வினாவை எடுத்துவிட்டு, குறவர் வழிபாட்டையும் செங்குட்டுவன் வழிபாட்டையும் ஒப்பிடச் சொன்னேன். வள்ளூர்ப் பெண் நான்கு பக்கம் எழுதியிருந்தாள், ஒற்றுப்பிழைகளோடு. தன் ஆயா கும்பிடும் வேப்பமரத்துக்கு அதில் ஒரு பக்கம் போயிருந்தது. அங்கேயும் சிலை கிடையாதாம், மஞ்சள் துணி மட்டும்தான்.