ஒலியை அளக்காத ஆராய்ச்சி

மீயொலியால் தூண்டப்பட்டுப் புற்றணுக்களைக் கொல்லும் ரசாயனங்களை, அதாவது ஒலி உணர்த்திகளை, புதிது புதிதாகப் படைத்துக்கொண்டே போனால், அவற்றுள் ஒன்றேனும் நோயாளிக்குப் பயன்பட்டே தீரும் என்று இன்று பலரும் வாதிக்கிறார்கள். அந்த வாதம் அஸ்திவாரமற்றது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

ஹெமாட்டோபார்ஃபிரின் என்ற சேர்மத்தைக் கொண்டு யுமிதா, உமேமுரா முதலிய ஜப்பானிய விஞ்ஞானிகள் 1989இல் இத்துறைக்கு வழி திறந்தது மெய்யே. ஒளி சில மில்லிமீட்டரில் தேய்ந்துவிட, மீயொலி பல சென்டிமீட்டர் ஆழம் ஊடுருவுவதும் மெய்யே. மருந்தை ஒளியால் தூண்டும் ஒளிச் சிகிச்சைக்காக நம் தீபகற்ப மலேசியாவின் 93 தாவர இனங்களிலிருந்து 155 சாறுகளைச் சோதித்து 2009இல் வெளியிட்ட மலேசிய ஆய்வாளர்களின் பொறுமையும் போற்றத்தக்கதே. நம்மவர் புற்றுநோய்க்கு நாடும் கெலாடி திக்குஸ் செடியில் ஒளியால் தூண்டப்படும் பியோஃபார்பைடு உண்டென்று மறு ஆண்டே அறிந்தோம். ஆனால் அது பச்சையம் சிதைந்து விளையும் பொருளாதலால், மஸ்ஜித் தானா ஊரின் எந்தச் செம்பனை ஓலையிலும் அதைத் தேடலாம்.

குறை சேர்மத்தில் இல்லை, ஒலியில் இருக்கிறது. பிளாஸ்டிக் தட்டில் புற்றணுக்களை வளர்த்து, அடியிலிருந்து மீயொலியைச் செலுத்துகையில், அது திரவத்தின் மேற்பரப்பில் மோதித் திரும்பி, வரும் அலையோடு கலந்து, ஓரிடத்தில் ஓங்கியும் மற்றோரிடத்தில் அடங்கியும் நிற்கிறது. ஆகவே கருவியின் முகப்பில் தெரியும் எண், அணு உண்மையில் பெற்ற ஒலியின் அளவாகாது. அதிர்வெண் மாறினால் குமிழ்கள் தோன்றி வெடிக்கும் எல்லையும் மாறும். தட்டே சூடேறவும் கூடும். ஓர் ஆய்வகத்தின் சேர்மம் மற்றொன்றினதை விஞ்சியது என்றால், விஞ்சியது சேர்மமா, தட்டா? வெடிக்கும் குமிழின் ஒளியா, வெப்பமா, தீவிர ஆக்சிஜனா, வெறும் இயந்திரத் தாக்குதலா கொல்வது என்ற விவாதமே தீராதபோது, எந்த லட்சணத்தை நாடி மூலக்கூற்றை வடிக்கிறார்கள்? சேர்மம் ஏதுமின்றி ஒலி மட்டுமே கல்லீரல் கட்டியைச் சிதைக்கும் கருவிக்கு அமெரிக்கா 2023இல் அனுமதி வழங்கியதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்தும் ஒலி உணர்த்தியாக அங்கீகாரம் பெற்ற மருந்து ஒன்றும் இல்லை. மூளைக் கட்டிக்கு மனிதரிடம் சோதிக்கப்படும் அமினோலெவுலினிக் அமிலமோ, ஒளிச் சிகிச்சை முன்பே அறிந்த பழைய பொருள்.

அணு இருக்கும் இடத்திலேயே நீரொலிவாங்கியால் அளந்த அழுத்தம், தட்டின் வெப்பநிலை, ஒலியை மட்டும் பெற்ற அணுக்களின் கதி, பழைய ஹெமாட்டோபார்ஃபிரினோடு ஒரே தட்டில் ஒப்பீடு: இந்நான்கும் இல்லாத ஆய்வு எதையும், எத்தனை நூதனமான நானோத் துகளைக் கொண்டுவந்தாலும், பத்திரிகைகள் பிரசுரிக்க மறுக்க வேண்டும்.