கோடு கரையும் இடம்: கே. எம். ஆதிமூலத்தின் அரூப ஓவியங்களும் ‘மாற்றம்’ என்னும் கருத்தும்

ஆய்வுச் சுருக்கம்

கே. எம். ஆதிமூலம் (1938–2008) உருவம் சார்ந்த கோட்டோவியங்களிலிருந்து அரூப வண்ண ஓவியங்களுக்கு நகர்ந்தவர் என்பது பரவலான மதிப்பீடு. அந்நகர்வை ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றை அடைந்த வளர்ச்சியாகக் கொள்வதில் உள்ள இடர்ப்பாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது. அவரது அரூபத்தின் தோற்றுவாய் கோட்டோவியங்களுக்குள்ளேயே அமைந்துள்ளது என்பதை இது நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஆதிமூலம், அரூப ஓவியம், கோட்டோவியம், சிற்றிதழ், கலை விமர்சனம்

முன்னுரை

தமிழ் வாசகர் ஆதிமூலத்தை அறிந்தது பெரும்பாலும் அச்சுத் தாளின் வழியாகவே. ‘கசடதபற’ முதலிய சிற்றிதழ்கள், நூல் அட்டைகள், கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ தொடருக்கு வரையப்பட்ட சித்திரங்கள் ஆகியவற்றில் அவரது கோடு நிலைபெற்றது. அவரது எண்ணெய் வண்ண ஓவியங்களோ காட்சிக்கூடங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் இடம்பெற்றன. ஒரே கலைஞருக்கு இருவேறு பார்வையாளர் கூட்டங்கள் அமைந்தன. முதற்கூட்டத்தினர் வண்ண ஓவியங்களை அரிதாகவே கண்டனர். இரண்டாம் கூட்டத்தினருள் தமிழ் இதழ்களை வாசிக்காதோர் பலர். ‘யதார்த்தத்திலிருந்து அரூபத்திற்கு’ என்னும் சுருக்கமான விளக்கம் இவ்விடைவெளியை நிரப்ப எழுந்ததாகும். அவ்விளக்கம் எளிமையானது, ஆனால் படைப்புகள் அதற்கு உடன்படவில்லை.

காந்தியும் அரசர்களும்

1960களில் சென்னை அரசுக் கலை மற்றும் கைவினைப் பள்ளியில் ஆதிமூலம் பயின்றார். எஸ். தனபால் அவருக்கு வழிகாட்டியாக விளங்கினார், கே. சி. எஸ். பணிக்கர் அப்பள்ளியின் முதல்வராக இருந்த காலம் அது. 1969ஆம் ஆண்டு காந்தி நூற்றாண்டையொட்டி ஆதிமூலம் வரைந்த கோட்டோவிய வரிசை அவருக்குப் பெயர் தேடித்தந்தது. அதைத் தொடர்ந்து பேசப்படுவது அரசர்களைப் பொருளாகக் கொண்ட வரிசையாகும். சமஸ்தான அரசர்களுக்கான மானியம் 1971இல் ஒழிக்கப்பட்டதை நினைவிற்கொண்டு இவ்வரிசையைப் பார்ப்போர்க்கு அதன் அங்கதம் விளங்கும். தலைப்பாகை, அணிகலன், மீசை யாவும் இருக்கின்றன. அதிகாரம் மட்டும் இல்லை.

இவ்விரு வரிசைகளிலும் கோடு செய்யும் பணி கவனத்திற்குரியது. பொதுவாகக் கோடு உருவத்தின் எல்லையை வரையறுக்கிறது. எது உடல், எது வெளி என்று பிரித்துக் காட்டுகிறது. ஆதிமூலத்தின் பேனாக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கப்படும்போது அவ்வரையறை தளர்கிறது. கோடு எல்லையாக இருப்பதை விடுத்து நிழலாகவும் இழையாகவும் மாறுகிறது. அரசரின் ஆடைமடிப்பும் சிதைந்த சுவரின் பரப்பும் ஒரே இழைவில் அமைகின்றன. எங்கே உடல் முடிகிறது, எங்கே பின்புலம் தொடங்குகிறது என்பதைக் கண் தேட வேண்டியுள்ளது. அரூபம் என்று பின்னர் பெயரிடப்பட்ட பண்பு இவ்விடத்திலேயே தோன்றிவிடுகிறது. உருவம் இன்னும் அடையாளம் காணத்தக்கதாக இருக்கும்போதே அதன் எல்லை கரையத் தொடங்கிவிட்டது.

கோட்டிலிருந்து வண்ணத்திற்கு

எண்ணெய் வண்ண ஓவியங்களில் வரைந்த கோடு ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. நீலம், காவி, பச்சை, சிவப்பு எனத் தடித்த பூச்சுகள் அடுத்தடுத்து அமர்கின்றன. இரு வண்ணங்கள் சந்திக்கும் விளிம்பே இங்குக் கோட்டின் இடத்தை ஏற்கிறது. அவ்விளிம்பு கூர்மையாக வெட்டப்படுவதில்லை. ஒரு வண்ணத்தின் அடியிலிருந்து மற்றொன்று எட்டிப் பார்க்கிறது. பேனாவால் அடுக்கிய கோடுகள் உடலுக்கும் வெளிக்கும் இடையே செய்ததை இங்கு வண்ண அடுக்குகள் செய்கின்றன. கருவி மாறியது, எல்லையைக் கரைக்கும் செயல் தொடர்ந்தது.

இவ்வோவியங்களை நிலக்காட்சிகளாகக் காண்போர் உளர். கிடையாக அமைந்த வண்ணப் பட்டைகளில் வானம், நீர், வயல் ஆகியவற்றைக் கண்டறிவது எளிது. ஆயினும் இவ்வாசிப்பு அரூபத்தை மறைந்திருக்கும் யதார்த்தமாகச் சுருக்கிவிடுகிறது. ஓவியத்தில் எது ‘தெரிகிறது’ என்று கண்டுபிடித்தவுடன் பார்வை ஓய்ந்துவிடுகிறது. வண்ணங்களின் எடை, அவற்றின் நெருக்கம், ஒன்று மற்றொன்றைப் பின்தள்ளும் விதம் ஆகியன பேசப்படாமலே போகின்றன.

பணிக்கருடன் ஒப்பிடுதல் இங்குப் பயன்தரும். 1960களில் பணிக்கர் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் வரிசையில் எழுத்து, சாதகக் கட்டம், எண் ஆகியவற்றை ஓவியப் பரப்புக்குள் கொணர்ந்தார். எழுத்து அங்குப் பொருளை இழந்து வடிவமாயிற்று. ஆதிமூலமும் எழுத்தில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். நூல் அட்டைகளிலும் இதழ்களிலும் அவர் அமைத்த தமிழெழுத்து வடிவங்கள் அச்சுப் பண்பாட்டிற்குப் புதிய முகம் தந்தன. எனினும் அவ்வெழுத்தைத் தம் அரூப ஓவியங்களின் அடித்தளமாக அவர் கொள்ளவில்லை. எழுத்து, வாசிக்கப்படும் பொருளாகத் தாளிலேயே தங்கியது. ஆசிரியர் சென்ற வழியில் மாணவர் செல்லவில்லை என்பது, சென்னை ஓவிய இயக்கத்தை ஒரே போக்குடையதாக எழுதும் வரலாறுகளுக்கு எச்சரிக்கையாகும்.

‘கைவிடுதல்’ என்னும் கருத்தின் குறை

1980களில் கரிசல் மண்ணின் மனிதர்களை ஆதிமூலம் இதழுக்காக வரைந்துகொண்டிருந்தபோது அவரது அரூப வண்ண ஓவியங்களும் உருவாகிக்கொண்டிருந்தன. உருவத்தை ‘கடந்துவிட்ட’ கலைஞர் ஏன் சம்சாரியின் முகத்தை அத்துணைப் பரிவுடன் வரைய வேண்டும்? பிழைப்பிற்காக என்று விடையிறுப்போர் இருக்கலாம். அச்சுக்குக் கறுப்பு வெள்ளைக் கோடு ஏற்றது, காட்சிக்கூடத்திற்கு எண்ணெய் வண்ணம் ஏற்றது என்னும் நடைமுறைக் காரணமும் மறுக்கத்தக்கதன்று. இக்காரணங்கள் இரு வகைப் படைப்புகளும் தொடர்ந்தமைக்கு விளக்கம் தரும். அவற்றின் தரத்திற்கு விளக்கம் தாரா. வேண்டாவெறுப்பாக வரையப்பட்ட கோட்டில் அத்தகைய உயிர்ப்பு அமைவதில்லை.

‘மாற்றம்’ என்னும் கருத்தை ஏற்றால் இருபுறமும் இழப்பு நேர்கிறது. அரூபத்தை உச்சமாகக் கொண்டால் இதழ்ச் சித்திரங்கள் முதிரா நிலையின் எச்சங்களாகின்றன. தமிழ் இலக்கியத்தோடு ஓவியம் கொண்ட அரிய உறவு அடிக்குறிப்பாகச் சுருங்குகிறது. கோட்டோவியத்தையே ‘உண்மையான’ ஆதிமூலமாகக் கொண்டால் வண்ண ஓவியங்கள் தமிழ் விமர்சனத்தின் பார்வைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. நம் இலக்கிய விமர்சனம் ஓவியத்தைப் பெரும்பாலும் கதைக்குத் துணையாகவே அணுகியிருப்பதால், கதையற்ற ஓவியத்தின் முன் சொல்லின்றி நிற்கிறது.

முடிவுரை

ஆதிமூலத்தின் படைப்பை இரு கட்டங்களாகப் பகுப்பதைவிட, எல்லையைக் கரைத்தல் என்னும் ஒரே அக்கறையின் இரு வடிவங்களாகக் காண்பது பொருத்தமுடையது. அரசரின் உடலில் தொடங்கிய கரைவு வண்ணப் பரப்பில் விரிவு பெற்றது. அதே கை கரிசல் முகங்களில் உருவத்தைக் காத்தும் நின்றது. இதழ்களில் சிதறிக் கிடக்கும் சித்திரங்களையும் சேகரிப்புகளில் உள்ள வண்ண ஓவியங்களையும் அருகருகே வைத்துக் காலவரிசைப்படுத்தும் பணி அடுத்து மேற்கொள்ளத்தக்கது. அவ்வாறு செய்யுங்கால், யதார்த்தம், அரூபம் என்னும் இரு சொற்களுக்கும் இடைப்பட்ட நிலைகளைக் குறிக்கத் தமிழில் புதிய விமர்சனச் சொற்களும் தேவைப்படும்.