ஆர்வலர்களின் அண்டக் கோட்பாடுகள்: ஒரு மதிப்பீடு

முறையான இயற்பியல் பயிற்சி பெறாதவர்கள் பிரபஞ்சத்தின் தோற்றம், அமைப்பு, முடிவு பற்றித் தாமே கோட்பாடு வகுப்பது நெடுங்கால வழக்கம். பெருவெடிப்பு நிகழவே இல்லை, ஐன்ஸ்டைனின் சார்பியல் தவறு, விண்ணை ஆள்வது ஈர்ப்பு அல்ல மின்சாரம் என்பன போன்ற கூற்றுகள் இவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. அறிவியலாளர்கள் பலர் இவற்றைப் படிக்காமலே ஒதுக்குகிறார்கள். எழுதுபவர்களோ தங்களை ஒடுக்கப்பட்ட கலிலியோவாக எண்ணிக்கொள்கிறார்கள். இரு தரப்பின் நிலையும் ஆய்வுக்குரியது.

இந்தப் பழக்கத்தின் முதல் பலம், துறைக்கு வெளியே நின்று அடிப்படைக் கேள்விகளைக் கேட்கும் சுதந்திரம். விண்மீன்கள் எல்லையின்றிப் பரவியிருந்தால் பார்வை செல்லும் திசையெல்லாம் ஒரு விண்மீனில் முடிய வேண்டும்; இரவு வானம் முழுவதும் ஒளிர வேண்டும். அப்படி இல்லாதது ஏன்? அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1848-இல் வெளியிட்ட ‘யுரேகா’ என்ற உரைநடை நூலில் இதற்கு விடை சொன்னார்: மிகத் தொலைவிலுள்ளவற்றின் ஒளி இன்னும் நம்மை வந்தடையவில்லை. இன்று ஏற்கப்படும் விளக்கத்தின் மையக் கருத்தும் இதுவே. ஆனால் போ எதையும் கணக்கிடவில்லை. அதே நூலில் பிழையான ஊகங்களும் கலந்து கிடக்கின்றன. கெல்வின் பிரபு 1901-இல் கணக்கிட்டுக் காட்டியபோதுதான் அக்கருத்து அறிவியல் வாதமாக வலுப்பெற்றது.

இரண்டாவது பலம் உழைப்பும் துணிவும். அமெரிக்காவின் வீட்டன் நகரில் கிரோட் ரீபர் என்ற வானொலிப் பொறியாளர் 1937-இல் சொந்தப் பணத்தில், வீட்டுக் கொல்லையில், 9 மீட்டருக்கும் மேல் விட்டமுள்ள ரேடியோ தொலைநோக்கியைக் கட்டினார். வெப்பத்தால் எழும் கதிர்வீச்சு உயர் அதிர்வெண்ணில் வலுவாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பில் முதலில் 3,300 மெகாஹெர்ட்ஸில் தேடினார், ஒன்றும் கிடைக்கவில்லை. 900 மெகாஹெர்ட்ஸிலும் அதே நிலை. எதிர்பார்ப்பைக் கைவிட்டு 160 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கியபோது பால்வீதியின் ரேடியோ அலைகள் பதிவாயின. ரேடியோ வானியல் ஒரு துறையாக வளர இந்தப் பணி வழிகோலியது.

இதே ரீபர் பிற்காலத்தில் பெருவெடிப்பை மறுத்தார். தொலைதூர விண்மீன் திரள்களின் ஒளி சிவப்பை நோக்கி நகர்வதற்குக் காரணம் பிரபஞ்ச விரிவு அல்ல, நெடும்பயணத்தில் ஒளி ஆற்றலை இழப்பதே என்றார். ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்ற வானியலாளர் 1929-இலேயே முன்வைத்த இந்த ‘ஒளிச்சோர்வு’ விளக்கத்தை ஆர்வலர்கள் இன்றும் கைவிடவில்லை. ஆனால் அதைச் சோதிக்க வழி உண்டு. அருகிலுள்ள ஒருவகை சூப்பர்நோவா சுமார் 20 நாளில் உச்ச ஒளியை எட்டுகிறது. அலைநீளம் இரட்டிப்பாகும் தொலைவில், பிரபஞ்சம் விரிவதாக இருந்தால், அதே ஏற்றம் நமக்குச் சுமார் 40 நாள் நீடித்துத் தெரிய வேண்டும். ஒளி சோர்வதாக மட்டும் இருந்தால் நிறம் மாறும். கால அளவு மாறாது. 1990-கள் முதல் நடந்த அளவீடுகள் காலம் நீள்வதையே காட்டுகின்றன. கொல்லையில் இயற்கையின் மறுப்பை ஏற்று வழி மாறிய அதே மனம், அண்டக் கோட்பாட்டில் மாறவில்லை.

ஆர்வலர் கோட்பாடுகளின் பெருங்குறை இங்கேதான் இருக்கிறது. அவற்றில் பல சொற்களால் ஆனவை. எவ்வளவு என்ற கேள்விக்கு அவற்றில் விடை இராது. மனநல மருத்துவர் இம்மானுவேல் வெலிகோவ்ஸ்கி 1950-இல் வெளியிட்ட நூலில், வியாழனிலிருந்து பிறந்த வெள்ளி, பூமியருகே வந்து பேரழிவுகளை விளைவித்தது என்றார். வெள்ளி சூடாக இருக்கும் என்று அவர் சொன்னது பலித்தது என்று ஆதரவாளர்கள் கொண்டாடினர். எத்தனை டிகிரி என்று அவர் சொல்லவில்லை. அந்த வெப்பத்துக்குக் காரணமோ கரியமில வாயு மிகுந்த அதன் வளிமண்டலம். அங்கே ஹைட்ரோகார்பன்கள் நிறைந்திருக்கும் என்று அவர் எதிர்பார்த்தது பொய்த்தது. பலித்ததை எண்ணி, பொய்த்ததை விடும் கோட்பாட்டை எந்தச் சான்றும் வீழ்த்த முடியாது. அதனாலேயே அதற்கு மதிப்பும் இல்லை.

துறையின் தரப்பிலும் தவறு உண்டு. சில வானியலாளர்கள் கொடுத்த நெருக்கடியால் வெலிகோவ்ஸ்கியின் பதிப்பகம் அந்நூலை வேறு நிறுவனத்துக்கு மாற்றியது. அது அவரைத் தியாகியாக்கியதே தவிர, அவர் கருத்தைத் தகர்க்கவில்லை.

மாற்றுக் கருத்துக்கு இடமே இல்லை என்பதும் சரியல்ல. பிரபஞ்சத்தின் ஆற்றல் இருப்பில் ஏறத்தாழ 95 விழுக்காடு, இயல்பு அறியப்படாத இருண்ட பொருளும் இருண்ட ஆற்றலுமே. இயற்பியலாளர் மோர்டெகாய் மில்கிரம் 1983-இல் இருண்ட பொருளை மறுத்து, ஈர்ப்பு விதியைத் திருத்தும் சமன்பாட்டை முன்வைத்தார். விண்மீன் திரள்களின் சுழற்சியை அது நன்றாக விளக்குகிறது. திரள் கொத்துகளில் தடுமாறுகிறது. எங்கே வெல்கிறது, எங்கே தோற்கிறது என்று சொல்ல முடிவதாலேயே அது இன்றும் விவாதத்தில் இருக்கிறது.

ஆகவே பட்டம் இருக்கிறதா என்பது சரியான அளவுகோல் ஆகாது. புதிய கோட்பாடு எந்த அளவீட்டைக் கணிக்கிறது, எந்த முடிவு வந்தால் கைவிடப்படும் என்ற இரண்டுக்கும் விடை தரும் ஆர்வலரை அறிவியலாளர்கள் கேட்டே ஆக வேண்டும். விடை இல்லாத கோட்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அறிவியலில் சேராது.